நுவரெலியாவில் எங்கே தங்குவது? பழைய மாளிகையா, புது ஹோட்டலா, பங்களாவா?

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு நுவரெலியா போவதென்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. போய்வர வாடகை வானும் பேசியாயிற்று. மொத்தம் ஒன்பது பேர்: 81 வயது அம்மம்மா, கனடாவிலிருந்து வந்து நிற்கிற மாமாவும் மாமியும், அம்மா, அப்பா, நான், மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள். இரண்டு இரவு நிற்பதாகத் திட்டம். அந்த இரண்டு இரவும் எங்கே படுப்பது என்பதில்தான் இரண்டு வாரமாக இழுபறி.

மாமாவுக்குக் கிராண்ட் ஹோட்டல்தான் வேண்டும். சின்ன வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் வேண்டும். அம்மா, "சுடுதண்ணியும் சைவச் சாப்பாடும் இருந்தால் எங்கையெண்டாலும் சரி" என்கிறா. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, "எங்கட டிப்பாட்மென்ற் பங்களா இருக்கேக்க ஏன் காசைக் கொட்டுறியள்?" என்று கேட்கிறார். அம்மம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரித்து ஒரு முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு நான்கு தடவை நுவரெலியா போயிருக்கிறேன். பழைய ஹோட்டலிலும் புது ஹோட்டலிலும் பங்களாவிலும் படுத்திருக்கிறேன். அதனால் இதை எங்களைப் போல வடக்கிலிருந்து வான் பிடித்து, வயது போனவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன். கலியாணம் முடித்த கையோடு சோடியாகப் போகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் பயணம். ஹோட்டல் தேடும்போது பலர் யோசிக்காமல் விடும் விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 320 கிலோமீற்றர் அளவு. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலை ஏற இன்னும் 80 கிலோமீற்றர் வரும். இரவு ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, தம்புள்ளையில் ஒரு தேத்தண்ணி குடித்தால், நுவரெலியாவில் வான் நிற்கும்போது காலை ஏழு, ஏழரை ஆகும். ஹோட்டல்களோ பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் றூம் தருவார்கள். இடையில் ஆறு ஏழு மணித்தியாலம். வான் சீற்றில் இரவு முழுக்க இருந்து கால் வீங்கிப்போன ஒரு வயதானவவை வைத்துக்கொண்டு, முகம் கழுவ இடம் தேடி அலைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த ஆறு மணித்தியாலம் எவ்வளவு நீளமென்று. ஆகவே எந்த இடத்துக்குப் போன் எடுத்தாலும் என் முதல் கேள்வி, "விடிய வந்தால் ஒரு றூமாவது திறந்து தருவீர்களா?" என்பதுதான். விலையை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

இரண்டாவது குளிர். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். சனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். நாங்கள் காற்றாடி இல்லாமல் கண் மூடாத சனம். இருபது பாகைக்கே சுவெற்றர் தேடுவோம். அந்த ஊரில் ஒரு றூமின் அழகு யன்னலில் தெரிகிற காட்சியில் பாதி, கட்டிலில் கிடக்கிற போர்வையில் மீதி.

சரி, பழைய இடங்களுக்கு வருவோம்.

கிராண்ட் ஹோட்டல் தொடக்கத்தில் ஹோட்டலே இல்லை. 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய வீடு அது. கொழும்பிலிருந்து கண்டிக்கு றோட்டுப் போட்டவரும் இவரே. அவர் போன பிறகு வீடு கைமாறி, 1890களின் தொடக்கத்தில் ஒரு கம்பனியின் கையில் ஹோட்டலாகியது. மாடி எழுந்தது, இரண்டு பக்கமும் கட்டடம் நீண்டது. இன்றைக்கு முன்னால் நின்று பார்த்தால் வெள்ளைச் சுவரும் கறுத்த மரச் சட்டங்களும் கூரான முகடுகளுமாக இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது போலத் தெரியும்.

இந்த ஊரே அப்படித்தான் உருவானது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னவர், 1840களில் காய்ச்சலில் மெலிந்துபோய் இங்கே ஏறி வந்தார். இந்தக் குளிரில் உடம்பு தேறியது. பிறகு இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, விதை, கருவி, கொல்லன் என்று ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றி வந்து பண்ணை வைத்தார். நாங்கள் திரும்பி வரும்போது வான் நிறைய ஏற்றி வருகிற லீக்ஸும் கரட்டும் இந்த மலையில் வேர் பிடித்ததற்குப் பின்னால் அந்த முயற்சியும் இருக்கிறது. ஊருக்கு நடுவில் இருக்கும் கிரகரி வாவியும் இயற்கையாக வந்ததல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் வெட்டியது.

கிராண்டில் நான் ஒரு இரவு தங்கியிருக்கிறேன். மர நடைபாதையில் கால் வைத்தால் பலகை மெல்ல முனகும். மெழுகு பூசிப் பூசிக் கறுத்த கைபிடி. படிக்கட்டில் ஏறும்போது உள்ளங்கை தானாக அதில் வழுக்கிக்கொண்டு போகும். காலையில் யன்னலைத் திறந்தால் வெட்டிவிட்ட புற்றரை, பூப்பாத்தி, அதற்கப்பால் பனிமூட்டம். பரிமாறுகிறவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். இருந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வராது. அந்தக் காசுக்கு அது வேண்டும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஹோட்டலின் சுகத்தில் முக்கால்வாசி வெளியிலும் கூடத்திலும்தான் இருக்கிறது. புற்றரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பது, பூங்காவில் நடப்பது, பழைய படங்களைப் பார்ப்பது. றூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அங்கேயும் கட்டிலும் போர்வையும்தான். பழைய கட்டடம் என்பதால் நடை நீளம், படிகளும் உண்டு. எந்தப் பகுதியில் றூம் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் அம்மம்மா போன்றவர்கள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய் வருவதே ஒரு பயணமாகிவிடும். தங்காமலே பின்னேரத் தேத்தண்ணிக்குப் போக முடியும். எங்கள் குடும்பத்தின் கணக்குக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

கிராண்டுக்குக் கிட்டவே ஹில் கிளப். கோப்பித் தோட்டத் துரைமார் 1876இல் தங்களுக்கென்று தொடங்கிய கழகம். அப்போது கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவி ஏழு வருடமாகியிருந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கழகம் மட்டும் நின்றது. சுதந்திரம் கிடைத்துப் பல வருடம் வரை இலங்கையருக்கு அங்கே உறுப்புரிமை இல்லை. பெண்களுக்கு முன்வாசல் இல்லை, பக்கவாசல்தான். இன்றைக்கு யாரும் தற்காலிக உறுப்பினராகிப் பணம் கட்டித் தங்கலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் ரையும் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள். கல் கட்டடம், கணப்பு, சுவரில் மான்தலைகள், படுக்கப் போகும்போது போர்வைக்குள் சுடுதண்ணிப் பை. வரலாற்றில் பிரியமுள்ள இருவர் போனால் ஒரு இரவு மறக்காது. எட்டு வயதுப் பிள்ளையைக் கோட்டுப் போட்டவர்களுக்கு நடுவில் ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருத்தி வைக்க என்னால் முடியாது. ஆகவே எங்கள் பட்டியலிலிருந்து அது கழன்றது.

செயின்ற் அன்றூஸ் இந்த இரண்டையும் விட அமைதியானது, சிறியது. கோல்ப் மைதானத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. பில்லியட்ஸ் மேசை, தோட்டம், பழைய காலத்துக் கூடம் எல்லாம் உண்டு. கிராண்டின் ஆள்நடமாட்டம் பிடிக்காதவர்கள் இங்கே போகலாம். நான் தங்கவில்லை, உள்ளே போய்ப் பார்த்ததோடு சரி. அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் இன்னொன்று. ஊர் நடுவில் சிவப்புச் செங்கல்லும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக நிற்கிற தபாற்கந்தோர் 1894இல் கட்டியது. அதை ஹோட்டல் முதலீட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2023இல் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. பத்து ரூபாயும் கொடுக்காமல் எந்தத் தோட்டத்துத் தொழிலாளியும் படியேறி உள்ளே போகக்கூடிய அழகான பழைய கட்டடம் அந்த ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? போனால் உள்ளே போய் ஒரு முத்திரை வாங்குங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடம், கந்தப்பளையில் இருக்கிற ஹெரிரன்ஸ் ரீ ஃபக்ரறி. நுவரெலியாவிலிருந்து பதினான்கு கிலோமீற்றர் அளவு, 2000 மீற்றருக்கும் மேலே. ஹெதர்செற் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையாக 1930களில் இயங்கிய கட்டடம் அது. தோட்டத்துச் சனம் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றுதான் சொல்லும். அந்த ஸ்டோர் மூடி, பல வருடம் இருண்டு கிடந்து, 1990களில் ஹோட்டலாகத் திறந்தது. இடித்துக் கட்டாமல் இருந்ததை இருந்தபடியே மாற்றியதற்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது.

தேயிலைத் தொழிற்சாலை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால் அந்தக் கட்டடம் வேறு மாதிரித் தெரியும். பறித்த கொழுந்தை முதலில் மேல்மாடிகளுக்கு ஏற்றி, நீளத் தட்டுகளில் பரப்பி, பெரிய விசிறிகளால் காற்றடித்து வாட்டுவார்கள். வாடியது கீழே இறங்கி உருளை இயந்திரத்தில் நசுங்கும். பிறகு புளித்து நிறம் மாறும். அதற்குப் பிறகு சூளைச் சூட்டில் காயும். அதனால்தான் எல்லாத் தேயிலைத் தொழிற்சாலையும் நீண்டு, உயர்ந்து, யன்னல் யன்னலாக இருக்கிறது. மேலே காற்று வேண்டும், கீழே நெருப்பு வேண்டும். கந்தப்பளையில் கொழுந்து வாட்டிய அந்த மாடிகள்தான் இன்றைய றூம்கள். நடுவில் கூரை வரை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் அப்படியே நிற்கின்றன. பழைய இயந்திரத்தையும் விசிறிகளையும் அகற்றவில்லை. வெளியே பழைய குறுந்தண்டவாள ரயில் பெட்டி ஒன்று சாப்பாட்டறையாக நிற்கிறது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, இராகலை வரை அந்தச் சின்ன ரயில் ஓடியது. 1940களில் அது நின்றுபோய், இன்றைக்கு நுவரெலியாவுக்குக் கிட்டிய புகையிரத நிலையம் நானுஓயாதான்.

கிராண்டும் ஹில் கிளப்பும் துரைமார் இளைப்பாறிய இடங்கள். கந்தப்பளைக் கட்டடம் உழைத்த இடம். எனக்கு இந்த வித்தியாசம் பெரிது. 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட சனம் காடு வெட்டி, கோப்பி நட்டு, பிறகு தேயிலை நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கூடையில் சுமந்து வந்த கொழுந்து முடிந்த இடம் இப்படியான ஸ்டோர்கள்தான். அதே சனத்தில் ஒரு பகுதியினர் 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் அடிபட்டு வடக்குக்கு வந்தார்கள். நுவரெலியா போகும்போது நாங்கள் இரவில் கடந்துபோகிற கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறினார்கள். அந்த ஹோட்டலில் சாப்பாடு பரிமாறிய பெடியன், "யாழ்ப்பாணத்துலயிருந்தா வர்றீங்க? என்னோட பெரியம்மா கிளிநொச்சியிலதான் இருக்காங்க" என்றான். எந்த இடமென்று கேட்டேன். நாங்கள் வழமையாக டீசல் அடிக்கிற இடத்துக்குப் பின்னாலிருக்கும் ஒரு குடியேற்றத்தின் பெயரைச் சொன்னான். அவன் 'பேசுறீங்க' என்றான், நான் 'கதைக்கிறியள்' என்றேன். அதற்குப் பிறகு அவன் எங்கள் மேசைக்கு வந்து நின்று கதைக்காமல் போகவே இல்லை.

குறையும் இருக்கிறது. பஜாரிலிருந்து தூரம். பாதை வளைவு வளைவாகப் போகும், வானில் சத்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் கையில் வேண்டும். இரவில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்ற யோசனை நடக்காது, ஹோட்டல் சாப்பாடுதான். விலையும் கிராண்டோடு போட்டி போடும். மழை மூட்டம் என்றால் யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு அதுவும் பிடித்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

புது ஹோட்டல்களுக்கு வருகிறேன். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் நுவரெலியாவில் மலைச்சரிவெல்லாம் கட்டடம். அரலிய கிறீன் ஹில்ஸ், கிறீன் சிற்றி, கோல்வே ஹைற்ஸ் என்று பெரியவை ஒரு பக்கம். வாவிக்கரையிலும் பதுளை றோட்டிலும் பத்து றூம், பதினைந்து றூம் வைத்த சிறியவை மறுபக்கம். பெரியவற்றில் லிப்ற், ஹீற்றர், குழாயைத் திருப்பினால் சுடுதண்ணி, மூன்று கட்டில் போட்ட குடும்ப றூம் எல்லாம் கிடைக்கும். சிலவற்றில் கூரைக்குள் வெந்நீர் நீச்சல் குளமும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சும்மா விஷயமில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மழை பிடித்தால், பழைய ஹோட்டலில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? குளம் இருந்தால் மழை பெய்தாலும் பொழுது போகும்.

சிறியவற்றில்தான் கவனம் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இணையத்தில் படத்தைப் பார்த்து ஒரு புது விடுதியில் றூம் போட்டேன். படத்தில் யன்னலுக்கு நேரே வாவி. போய்ப் பார்த்தால் யன்னலுக்கு நேரே பக்கத்து விடுதியின் சுவர். அதைக்கூடப் பொறுக்கலாம். இரவு குளியலறைக் குழாயில் சுடுதண்ணி இரண்டு நிமிடம் வந்துவிட்டு நின்றது. நிலக் கம்பளத்தில் ஈர மணம். சுவரைத் தொட்டால் விரலில் தண்ணீர். அம்மா சுவெற்றருக்கு மேல் அப்பாவின் சேட்டையும் போட்டுக்கொண்டு, சால்வையால் காதைக் கட்டியபடி விடியும்வரை கட்டிலில் குந்தி இருந்தா. கிழமை முழுக்க இருமல். அந்தக் குளிரில் சீமெந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒழுங்காகக் காற்றோட்டமும் வெயிலும் படாத கட்டடம் புதிதாக இருந்தாலும் ஒன்றுதான். அதிலிருந்து நான் சிறிய இடங்களுக்குப் போன் எடுத்தால் மூன்று விஷயம் கேட்பேன். சுடுதண்ணி எல்லா நேரமும் வருமா, நேரம் வைத்து வருமா? ஹீற்றர் றூமிலேயே இருக்கிறதா, இல்லை கேட்டால் தனிக்காசா? வெயில் எந்தப் பக்கம் விழும்? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் தன் இடத்தை அறிந்தவர்.

இனி அப்பாவின் பங்களா. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இது விளங்காது. அரசாங்கத் திணைக்களங்கள், சபைகள், வங்கிகள் பலவற்றுக்கு நுவரெலியாவில் சொந்தமாக விடுமுறை விடுதி உண்டு. சனம் சேர்க்கிட் பங்களா என்று சொல்லும். வேலை செய்கிறவரோ ஓய்வு பெற்றவரோ விண்ணப்பம் போட்டு, பணம் கட்டிய ரசீதை அனுப்பினால் முழு வீட்டையோ இரண்டு மூன்று றூமையோ தருவார்கள். வாடகை ஹோட்டலில் ஒருவர் ஒரு நேரம் சாப்பிடுகிற காசளவில் முடியும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைக்கு அடிபாடு அதிகம், மாதக்கணக்கில் முந்த வேண்டும். அந்த விடுமுறை நெருக்கத்தில் மாட்டாமல் தீர்த்தத்துக்குப் பிறகு போகலாம் என்று அப்பா சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பங்களாவின் உண்மையான பலம் குசினிதான். சாமானை வாங்கிக் கொடுத்தால் பங்களாக்காரர் சமைத்துத் தருவார். அம்மா தன் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் போத்தலில் கொண்டுபோய், பஜாரில் வாங்கின புது லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் அதில் கறி வைத்தா. அந்தக் குளிரில், ஆவி பறக்க, கரட் சம்பலோடு சோறு. அந்த ருசி எந்த ஹோட்டலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. விடிய ஏழு மணிக்குப் போனாலும் முதல்நாள் ஆளில்லை என்றால் பங்களாக்காரர் கதவைத் திறந்துவிடுவார். குளித்துவிட்டுப் படுக்கலாம். சத்தம் போடலாம், தாயக்கட்டை உருட்டலாம், அம்மம்மா நினைத்த நேரம் தேவாரம் படிக்கலாம். குறை என்றால் கட்டில் மெத்தை பழசு, போர்வையை நாங்களே கொண்டுபோவது நல்லது, குளியலறையில் சுடுதண்ணி பக்கெற்றில் வரலாம். துப்புரவு ஆளுக்கு ஆள் வித்தியாசம். அப்பாவின் பங்களா சுத்தம், அதைப் போன வருடம் கண்டேன்.

விலை விஷயத்தில் ஒரு பிரதான செய்தி வெளிநாட்டுச் சொந்தங்களோடு போகிறவர்களுக்கு. பெரிய ஹோட்டல்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் வேறு விலை. ஒரே றூம், ஒரே போர்வை, இரண்டு விலை. மாமாவின் பெயரில் போட்டால் ஒரு தொகை, என் அடையாள அட்டையில் போட்டால் இன்னொரு தொகை. அங்கே போய்த்தான் தெரியவந்தால் வரவேற்பு மேசையில் முகம் கறுத்து நிற்க வேண்டிவரும். யார் யார் வருகிறார்கள், எந்தக் கடவுச்சீட்டு என்று முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, எழுத்தில் விலை வாங்குங்கள். ஏப்ரலில் பூக்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று ஊரே திருவிழா. அந்த மாதம் எந்த விலையையும் இரண்டால் பெருக்கிப் பார்க்கலாம். றோட்டில் நடக்க இடமிராது. நான் ஏப்ரலில் போவதில்லை.

சாப்பாடு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பஜாரில் சைவக் கடைகள் இருக்கின்றன. தோசை, வடை, நல்ல சாம்பார் கிடைக்கும். கிராண்டின் வளவுக்குள்ளேயே இருக்கிற கிராண்ட் இந்தியன் உணவகத்தில் வடஇந்தியச் சாப்பாடும் சைவத் தாலியும் நன்றாக இருக்கும். இரவில் வரிசை நீளும் என்பதால் ஆறரைக்கே போய்விடுங்கள். மாமாவுக்கு இதைச் சொன்னேன், முகம் கொஞ்சம் மலர்ந்தது.

இன்னொரு ஆளை மறக்கக்கூடாது. வான் ஓடுகிற தம்பி. இரவு முழுக்க நித்திரை முழித்து, மலை வளைவில் எங்கள் ஒன்பது உயிரையும் ஏற்றி வருகிறவர். பெரிய ஹோட்டல்களில் சாரதிகளுக்கென்று தங்குமிடம் உண்டு. சிறிய இடங்களில் இல்லை என்றால் அவர் பத்துப் பாகைக் குளிரில் வானுக்குள் சுருண்டு படுப்பார். அடுத்த நாள் இறம்பொடை இறக்கத்தில் அவர் கையில்தான் நாங்கள். றூம் போடும்போதே "ட்றைவருக்குக் கட்டிலும் போர்வையும் இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லை என்றால் இன்னொரு றூம் போடுங்கள். அந்தக் காசை வேறு எங்காவது மிச்சம் பிடிக்கலாம்.

எல்லாவற்றையும் வைத்து நான் வீட்டில் சொன்ன முடிவு இது. இரண்டு இரவும் அப்பாவின் பங்களா. ட்றைவர்த் தம்பிக்கு அங்கே பின்னறை இருக்கிறது. முதல்நாள் காலை போய்க் குளித்துப் படுத்தெழும்பி, பின்னேரம் எல்லோரும் கிராண்டின் புற்றரையில் தேத்தண்ணி, மாமாவின் செலவில். பிள்ளைகளுக்கு வாவியில் படகு. இரண்டாம் நாள் சீத்தாஎலிய அம்மன் கோயில், ஹக்கலைப் பூந்தோட்டம். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் இறம்பொடை ஆஞ்சநேயர். மாமா கொஞ்சம் முணுமுணுத்தார். அம்மா சரியென்றா.

அன்று பின்னேரம் அம்மம்மா விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தா. என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, கந்தப்பளை ஸ்டோரை ஹோட்டலாக்கியிருக்கிறாங்கள் எண்டு சொன்னாய், என்ன?"

"ஓம் அம்மம்மா."

"அதுக்குள்ள இப்பவும் தேயிலை மணம் இருக்குமோ?"

தாத்தா கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். கலியாணம் முடித்து அம்மம்மா போனது அங்கேதான். மாமாவும் அம்மாவும் அந்தக் குவாட்டர்ஸில்தான் பிறந்தார்கள். 1977இல் எல்லாவற்றையும் விட்டு இரண்டு சூட்கேசோடு ஊருக்கு வந்தவர்கள். அதற்குப் பிறகு அம்மம்மா மலைக்குப் போகவில்லை. இரவில் ஸ்டோரில் சூளை எரியும்போது காய்கிற தேயிலையின் மணம் குவாட்டர்ஸ் யன்னலால் வருமாம். பிள்ளைப் பெறுக்குக் கிடந்த நாளில் அந்த மணத்தில்தான் நித்திரை வருமாம். இவ்வளவு நாளும் இதை யாருக்கும் சொன்னதில்லை.

அதைக் கேட்ட மாமா கிராண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாவது இரவுக்குக் கந்தப்பளையில் ஒரு றூம் போட்டாயிற்று. அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும். உள்ளூர் விலையில் இரண்டு பேர், டொலரில் ஒருவர். லிப்ற்றுக்குக் கிட்டவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், போர்வை இன்னொன்று கேட்டிருக்கிறேன். மற்ற ஆறு பேரும் பங்களாவிலேயே நிற்போம்.

அம்மம்மா றங்குப்பெட்டியைத் திறந்து, தாத்தா நுவரெலியா பஜாரில் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சால்வையை எடுத்திருக்கிறா. பூச்சி அரித்த ஓட்டை இரண்டு இருக்கிறது. இன்று காலையிலிருந்து அது எங்கள் முற்றத்துக் கொடியில் வெயிலில் கிடக்கிறது.